கைவிடப்பட்ட பழைய பிரிண்டரைப் புதிய கணினியில் இயக்குவது எப்படி?

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரக் கடையொன்றின் கணக்குகளைப் பார்த்துவரும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: கடையிலிருந்த விண்டோஸ் 7 கணினி பழுதாகிவிட்டதால் விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினி வாங்கியிருக்கிறார்கள். கடிதங்களுக்குப் பயன்படும் எச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டரையும், மூன்று பிரதி விலைச்சிட்டைகளுக்குப் பயன்படும் எப்சன் எல்க்யூ-300+ டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் அது ஏற்கவில்லை. இரண்டும் பழைய கணினியில் கடைசி நாள்வரை ஒழுங்காக வேலை செய்தவை. கணினி விற்ற கடையில் "இவற்றுக்கு இனி டிரைவர் வராது, புதிது வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். அது உண்மைதானா என்பது கேள்வி.

புதிய டிரைவர், அதாவது கணினி பிரிண்டரோடு பேச உதவும் மென்பொருள், வராது என்பது உண்மை; ஆகவே புதிய பிரிண்டர் வாங்க வேண்டும் என்பது உண்மையல்ல. ஒரு பிரிண்டரைக் கழித்துவிடச் சொல்வதற்குமுன் அது கணினியிடமிருந்து எந்த மொழியில் கட்டளை பெறுகிறது என்பதையாவது பார்த்திருக்க வேண்டும். 2022 இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறியதிலிருந்து, இறக்குமதியாகும் எந்தக் கருவியையும் யோசிக்காமல் மாற்றும் நிலையில் இங்குள்ள சிறிய கடைகள் இல்லை. உங்கள் இரண்டு பிரிண்டர்களும் ஒரே மாதிரி முடங்கிக் கிடப்பதுபோலத் தோன்றினாலும் காரணங்கள் வேறு வேறு, அதனால் வழிகளும் வேறு.

பிரிண்டர்களில் ஒரு வகை, தானே படித்துப் புரிந்துகொள்ளும் மொழியொன்றைத் தன்னுள் வைத்திருக்கும். 1984 இல் வெளிவந்த முதல் லேசர்ஜெட்டிலேயே இருந்த பிசிஎல், அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட், எப்சனின் ஈஎஸ்சி/பி ஆகியவை அத்தகைய மொழிகள். இவற்றில் ஒன்றைப் பேசும் பிரிண்டருக்கு அதன் பெயரிலேயே டிரைவர் கிடைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதே மொழியைப் பேசும் வேறொரு மொடலின் டிரைவரைக் கொடுத்தாலும் அது தாளில் எழுதும். உங்கள் எப்சன் இந்த வகை. மற்றைய வகை, விலையைக் குறைப்பதற்காக அந்த அறிவைப் பிரிண்டரிலிருந்து எடுத்துக் கணினியிடம் ஒப்படைத்துவிட்ட வகை. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலை முழுவதையும் கணினியிலுள்ள டிரைவரே செய்ய, பிரிண்டர் வந்த புள்ளிகளைத் தாளில் பதிப்பதோடு நின்றுவிடும். எச்பி 1020, கெனன் எல்பிபி 2900 போன்ற, கொழும்பின் அலுவலகங்களில் இன்றும் மேசைக்கு மேசை காணப்படும் சிறிய லேசர் பிரிண்டர்கள் பல இந்த இரண்டாவது வகையே. இவற்றுக்கு வேறு மொடலின் டிரைவர் பொருந்தாது. தமக்குரிய டிரைவர் கிடைக்க வேண்டும், அல்லது அந்த டிரைவரை இயக்கக்கூடிய வேறொரு கணினி இடையில் நிற்க வேண்டும்.

பிரிண்டரைத் தொடுவதற்கு முன் மடிக்கணினியைப் பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதனுள் அபௌட் என்ற பகுதிக்குப் போனால் 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் அது எந்த வகை புரொசஸரைக் கொண்டது என்று எழுதியிருக்கும். இன்டெல் அல்லது ஏஎம்டி புரொசஸர் என்றால் எக்ஸ்64 என்று இருக்கும். இனி நான் சொல்லப்போகும் வழிகள் அதற்குப் பொருந்தும். ஸ்னாப்டிராகன் புரொசஸர் உள்ள மடிக்கணினியானால் ஏஆர்எம் என்று இருக்கும். அதில் சாதாரண மென்பொருள்கள் பல ஓடினாலும் எக்ஸ்64 கணினிக்காக எழுதப்பட்ட பிரிண்டர் டிரைவர் ஓடாது; அப்படியானால் எச்பியைப் பொறுத்தவரை இந்த மடிக்கணினியில் நேரடியாக முயன்று நேரத்தைச் செலவிடாமல், பின்னால் சொல்லும் இடைக்கணினி வழிக்கே போய்விடுங்கள். விண்டோஸ் 11 இல் 32-பிட் பதிப்பே கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பிரிண்டிங் வேலைகளை நிர்வகிக்கும் ஸ்பூலர் 64-பிட் நிரலாக ஓடுவதால் 32-பிட் டிரைவரை அதனால் ஏற்றிக்கொள்ள முடியாது. பிரிண்டரோடு பெட்டியில் வந்த சீடி பத்திரமாக இருந்தும் பயன்படாமற் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சீடி பழுதானதால் அல்ல.

இன்னொரு அமைப்பையும் பார்த்துவிட வேண்டும். 2023 செப்டெம்பரில் மைக்ரோசொஃப்ட், பிரிண்டர் நிறுவனங்கள் தனித்தனியாக எழுதும் டிரைவர்களுக்கான ஆதரவைப் படிப்படியாகக் குறைத்து, எல்லாப் பிரிண்டர்களையும் ஐபிபி என்ற பொது முறைக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. அந்தத் திசையில் விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பிலிருந்து 'விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட்' என்ற தெரிவு வந்திருக்கிறது. பிரிண்டர்ஸ் அன்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் இருக்கும் இத்தெரிவு இயங்கும் நிலையில் இருந்தால், நிறுவனங்களின் டிரைவர் எதையும் விண்டோஸ் ஏற்காது. எவ்வளவு சரியான டிரைவரைக் கொடுத்தாலும் பயனில்லை. அது அணைந்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பினால் ஏற்கெனவே உள்ள டிரைவர்களை நிறுவுவது தடைப்பட்டுவிடவில்லை. உற்பத்தி நிறுவனம் வெளியிட்ட டிரைவர் கோப்பு கையில் இருந்தால் இன்றும் நிறுவலாம். 2021 இல் பிரிண்ட் ஸ்பூலரில் கண்டறியப்பட்ட பாரதூரமான பாதுகாப்புக் குறைபாட்டுக்குப் பின்னர் டிரைவர் நிறுவுவதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே கடை உதவியாளர்களின் சாதாரணக் கணக்கில் நின்றுகொண்டு முயலாதீர்கள்.

இனி எச்பி 1020. இதற்கு எச்பி நிறுவனம் 64-பிட் விண்டோஸ் 7, 8, 10 ஆகியவற்றுக்கு டிரைவர் வெளியிட்டிருக்கிறது. விண்டோஸ் 11 க்கும் அதையே பயன்படுத்தலாம். அதை எச்பியின் தளத்திலிருந்தோ மைக்ரோசொஃப்ட் அப்டேட் கெட்டலொக்கிலிருந்தோ மட்டும் எடுங்கள். பிரிண்டரின் பெயரைத் தேடியவுடன் முதலில் வந்து நிற்கும், 'எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்' என்று அழைக்கும் மென்பொருள்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். கடையின் கணக்கும் வங்கி வேலையும் நடக்கும் கணினியில் அப்படியொன்றை ஏற்றுவது, பிரிண்டரே இல்லாமல் இருப்பதைவிடப் பெரிய கேடு.

பிரிண்டரை யூஎஸ்பியில் கொடுத்ததும் விண்டோஸ் அதைக் காண்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். டிவைஸ் மனேஜரைத் திறந்து, 'யூஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்' என்ற வரியின் புரொப்பர்ட்டீஸ் பகுதியில் டீட்டெயில்ஸ், அதில் ஹார்ட்வெயார் ஐடிஸ் என்பதைத் தெரிவுசெய்தால் ஒரு நீண்ட வரி தெரியும். அதில் விஐடி என்பதற்குப் பக்கத்தில் 03எஃப்0 என்று இருந்தால் அது எச்பி நிறுவனத்தின் எண். பிஐடி என்பதற்குப் பக்கத்தில் 2பி17 என்று இருந்தால் அது லேசர்ஜெட் 1020 தான். இந்த இரண்டு எண்களும் தெரிந்தால் பிரிண்டரின் யூஎஸ்பி இணைப்பும் வயரும் போர்ட்டும் வேலை செய்கின்றன, குறை பெரும்பாலும் டிரைவரில்தான் என்று சொல்லலாம். அந்த வரியே வராவிட்டால் டிரைவரை எத்தனை தடவை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. வயரை மாற்றுங்கள், ஐந்து மீற்றருக்குக் குறைவான வயராகப் பாருங்கள், புதிய மடிக்கணினிகளின் யூஎஸ்பி 3 போர்ட்டோடு பழைய கருவி ஒத்துப்போகாத சந்தர்ப்பமும் உண்டு என்பதால் மலிவான யூஎஸ்பி 2 ஹப் ஒன்றை இடையில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர்கள் 'டிரைவர் பிரச்சினை' என்று திருப்பி அனுப்புவதில் கணிசமானவை உண்மையில் வயர் பிரச்சினைகள் என்பது என் அனுபவம்.

எண்கள் தெரிந்துவிட்டால் வயரைக் கழற்றிவிட்டு, முன்பு அரைகுறையாகப் பதிந்திருக்கும் அந்தப் பிரிண்டரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கி, டிரைவரை நிறுவி, அது கேட்கும்போது மட்டும் வயரைக் கொடுங்கள். தானியங்கி நிறுவல் தோற்றால், 'அட் எ லோக்கல் பிரிண்டர்' என்ற கைமுறை வழியில் போய், போர்ட்டாக யூஎஸ்பி001 ஐத் தெரிந்து, 'ஹேவ் டிஸ்க்' என்பதைச் சொடுக்கி, விரித்து வைத்த டிரைவர் ஃபோல்டரிலுள்ள ஐஎன்எஃப் கோப்பைக் காட்டலாம். யூஎஸ்பி002, 003 என்று பல போர்ட்கள் தெரிந்தால், முன்பு வேறு வேறு துளைகளில் வயரைக் கொடுத்ததன் எச்சங்கள் அவை. தவறான போர்ட்டைத் தெரிந்தால் எல்லாம் சரியாக இருந்தும் பிரிண்டர் 'ஒஃப்லைன்' என்றே காட்டும். அதனால் பிரிண்டரை எப்போதும் ஒரே துளையில் கொடுப்பது நல்லது.

இந்த 1020 மொடலுக்கென்று ஒரு விசேட குணம் உண்டு. தன்னை இயக்கும் ஃபேர்ம்வேர் என்ற உள்மென்பொருளை அது நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு தடவை ஆளியைப் போடும்போதும் கணினி அதை யூஎஸ்பி வழியாக அனுப்ப வேண்டும்; டிரைவர்தான் அந்த வேலையையும் செய்கிறது. ஆகவே மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் வந்தபின் வேலைகள் வரிசையில் நின்று அசையாமல் இருந்தால், முதலில் கணினி முழுமையாக இயங்கத் தொடங்கிவிட்டதா என்று பார்த்து, அதன்பின் பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் சர்விசஸ் பகுதியில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதனுள் ஸ்பூல், அதனுள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் தேங்கியிருக்கும் கோப்புகளை அழித்து, ஸ்பூலரை மீண்டும் தொடங்க வேண்டும். மின்தடைக்கு அஞ்சி லேசர் பிரிண்டரைச் சிறிய யூபிஎஸ்ஸில் கொடுப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் பகுதி சூடேறும் கணத்தில் பல நூறு வாற்று இழுக்கும். சிறிய யூபிஎஸ் அதைத் தாங்காமல் கணினியையும் சேர்த்து நிறுத்திவிடும்.

எப்சன் எல்க்யூ-300+ பற்றி நான் கூடுதலாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் வியாபாரத்துக்கு அதுவே முக்கியம். ஊசிகள் ரிப்பனை அடித்து எழுதுவதால்தான் ஒரே அடியில் மூன்று பிரதியும் விழுகின்றன. இன்க்ஜெட்டோ லேசரோ எவ்வளவு விலை கொடுத்தாலும் அதைச் செய்யாது. முதலில் பிரிண்டர் தனியாக நலமாக இருக்கிறதா என்று பாருங்கள்: தாளைப் பொருத்தி, எல்எஃப்/எஃப்எஃப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஆளியைப் போட்டால், கணினியின் உதவியே இல்லாமல் எழுத்து வரிசைகளை அது தானே அடித்துக்காட்டும். எழுத்துகளினூடே வெள்ளைக் கோடொன்று தொடர்ந்து ஓடினால் ஓர் ஊசி அடிக்கவில்லை என்று பொருள். அதற்கு டிரைவரில் மருந்தில்லை.

அதன் பின்புறத்திலுள்ள அகன்ற பேரலல் சொருகிக்கு இன்றைய மடிக்கணினிகளில் இடமில்லை. யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் வயர் தேவை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் விசாரியுங்கள். மேசைக் கணினியானால் பேரலல் கார்ட் ஒன்றை உள்ளே பொருத்துவதே உறுதியான வழி. வயரைக் கொடுத்தபின் டிவைஸ் மனேஜரில் அதே 'யூஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்' வரியும் யூஎஸ்பி போர்ட் ஒன்றும் தோன்றும், பழைய கணினிகளில் பேரலல் போர்ட்டுக்கு வழங்கிய எல்பிடி1 என்ற பெயர் தோன்றாது. கைமுறை வழியில் அந்தப் போர்ட்டைத் தெரிந்துகொண்டு, எல்க்யூ-300+ என்ற பெயரில் 64-பிட் டிரைவர் கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் அதன் வழிவந்த எல்க்யூ-300+II அல்லது எல்க்யூ-310 இன் டிரைவரையும் கொடுங்கள். மொழி ஒன்றே என்பதால் பிரிண்டர் புரிந்துகொள்ளும்.

டிரைவர் பட்டியலில் 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி' என்ற ஒன்றும் இருக்கும். ஆங்கில எழுத்திலும் எண்களிலும் மட்டும் விலைச்சிட்டை அடிப்பவர்களுக்கு அதுவே மிக வேகமானது. ஆனால் சரக்கின் பெயரையோ வாடிக்கையாளரின் பெயரையோ தமிழிலோ சிங்களத்திலோ அடிக்க வேண்டுமென்றால் அது உதவாது. யூனிகோட் தமிழ் கேள்விக்குறிகளாக விழும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துரு ஆங்கில விசைகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், தாளில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் விழும். தமிழ் வேண்டுமானால் எழுத்துகளைப் படமாக அனுப்பும் எல்க்யூ டிரைவரே வேண்டும். வேகம் குறையும், ஊசிச் சத்தம் கூடும். 12 புள்ளிக்குக் குறைவான அளவில் தமிழ் எழுத்தின் சுழிகளும் புள்ளிகளும் மூன்றாவது பிரதியில் ஒன்றோடொன்று கலந்துவிடும். 'வ'வும் 'ல'வும் வேறுபட்டுத் தெரிகிறதா என்று கடைசிப் பிரதியைப் பார்த்தே எழுத்தின் அளவைத் தீர்மானியுங்கள்.

அடுத்து தாளின் அளவு. புதிய கணினியில் நாடு அமெரிக்கா என்றிருந்தால் இயல்பு அளவு லெட்டர் என்று வந்துவிடும். அதை ஏ4 என்று மாற்றாவிட்டால் எச்பியிலும் பக்கங்கள் இடம் மாறி விழும். எப்சனுக்கோ இரண்டுமே பொருந்தாது. இருபுறமும் துளையிட்ட தொடர் தாளின் அகலம் வழக்கமாக 9.5 அங்குலம், உயரம் முழுத்தாளானால் 11 அங்குலம், அரைத்தாளானால் 5.5 அங்குலம். 'பிரிண்ட் சேர்வர் புரொப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்து, ஃபோர்ம்ஸ் பகுதியில் புதிய படிவமொன்றை இந்த அளவில் உண்டாக்கி, பிரிண்டரின் அமைப்பிலும் விலைச்சிட்டை மென்பொருளிலும் அதையே தெரிவுசெய்ய வேண்டும். மூன்றில் ஓரிடத்தில் விட்டுப்போனாலும் முதல் விலைச்சிட்டை சரியாகவும், இரண்டாவது சற்றுக் கீழிறங்கியும், மூன்றாவது கிழிகோட்டின் மேலும் விழும். இதைப் பிரிண்டரின் கோளாறு என்றெண்ணி உருளைகளைக் கழற்றத் தொடங்குகிறார்கள். கோளாறு இந்த அளவுகளில்தான்.

உங்கள் விலைச்சிட்டை மென்பொருள் விண்டோஸ் பிரிண்டர் பட்டியலைப் பாராமல் நேராக எல்பிடி1 க்கு அனுப்பும் பழைய வகையாக இருந்தால், எப்சனை வலைப்பின்னலில் பகிரும் பிரிண்டராக அறிவித்து, 'நெட் யூஸ்' கட்டளையால் அந்தப் பகிர்வை எல்பிடி1 என்ற பெயரோடு இணைக்கலாம். டொஸ் காலத்து 16-பிட் மென்பொருளானால் 64-பிட் விண்டோஸில் அது திறக்கவே திறக்காது. அதற்கு டொஸ்ஸைப் போலவே நடந்துகொள்ளும் டொஸ்பொக்ஸ்-எக்ஸ் போன்ற மென்பொருள் தேவை.

மேற்சொன்னவை பலிக்காவிட்டால், அல்லது மடிக்கணினி ஏஆர்எம் வகையாக இருந்தால், எச்பிக்கு இடைக்கணினி வையுங்கள். ராஸ்பெரி பை போன்ற சிறிய கணினியொன்றில் லினக்ஸும் கப்ஸ் என்ற பிரிண்டிங் அமைப்பும் இருந்தால் போதும். எச்பி 1020 க்கு foo2zjs என்று லினக்ஸ் உலகில் வழங்கும் கட்டற்ற டிரைவர் உண்டு. ஃபேர்ம்வேர் கோப்பை மட்டும் தனியாகப் பெற்றுச் சேர்க்க வேண்டும். பிரிண்டரை அந்தக் கணினியோடு இணைத்து வலைப்பின்னலில் பகிர்ந்தால், விண்டோஸ் 11 தன்னிடமுள்ள பொது ஐபிபி டிரைவரைக் கொண்டே அதற்கு அனுப்பும். நிறுவனத்தின் பழைய டிரைவர் மடிக்கணினிக்குத் தேவையே இல்லை. கைத்தொலைபேசியிலிருந்தும் அச்சிடலாம் என்பது கூடுதல் இலாபம். கெனன் எல்பிபி 2900 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, கெனன் வெளியிட்ட லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகைக் கணினிக்கானது. அது ராஸ்பெரி பையில் ஓடாது. அவர்களுக்குப் பழைய இன்டெல் மேசைக் கணினியொன்றே பொருத்தம். பழைய விண்டோஸ் 7 கணினியையே திருத்தி இடையில் வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்கக் கூடாது, அதில் மின்னஞ்சலோ வங்கியோ திறக்கக் கூடாது.

அச்சு வரத் தொடங்கியபின் தமிழ் பிடிஎஃப் கோப்புகளில் கொம்புகளும் கால்களும் இடம் பெயர்ந்து விழுந்தால், அடோபி ரீடரின் பிரிண்ட் சாளரத்தில் அட்வான்ஸ்ட் என்பதற்குள் 'பிரிண்ட் அஸ் இமேஜ்' என்பதைத் தெரிந்தால் சரியாகிவிடும். தாள் சிக்குவதற்கும் டிரைவருக்கும் தொடர்பில்லை. கொழும்பின் ஈரக்காற்றில் பிரித்து வைத்த தாள் நமத்துப்போகும், ஆகவே தாள்கட்டை உறையோடு மூடி வைத்து, தாளிழுக்கும் ரப்பர் உருளையை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள்.

எல்லாம் இயங்கத் தொடங்கிய அன்றே, பயன்பட்ட டிரைவர் கோப்புகளையும் ஃபேர்ம்வேரையும், எந்தப் போர்ட், எந்தத் தாள் அளவு என்ற குறிப்பையும் ஒரு பென்டிரைவில் இட்டு, பிரிண்டரின் பெயரை அதன்மேல் எழுதிக் கடையில் வையுங்கள். பழைய மொடல்களின் டிரைவர்களை நிறுவனங்கள் முன்னறிவிப்பின்றித் தளத்திலிருந்து எடுத்துவிடுவதுண்டு. அடுத்த கணினி வாங்கும்போது அவை அங்கே இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.